நர்ஸம்மாவின் வண்டி

வண்டி வீட்டுக்குள் வர கேட்டுத் தூணை இடிக்க வேண்டியிருந்தது.

சுகிர்தாவின் கணவர் ரஞ்சித்குமார் தோஹாவில் ஏசி காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவர். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் காரைக்காலுக்கு வருவார். அந்த ஆகஸ்டில் வந்தவர், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் சென்னையில் இறங்கி, முன்பே பதிவு செய்து வைத்திருந்த வெளிநாட்டு வண்டியை நேராக ஓட்டிக்கொண்டு வந்து தெருமுனையில் நிறுத்தி ஹாரன் அடித்தார். மலை, மணல், ஆறு எதிலும் போகும் என்று பெயர் பெற்ற வண்டி. வெள்ளை நிறம். ஆளை மறைக்கிற உயரம். தெருவுக்குள் அதைத் திருப்ப, எதிர்வீட்டுக்காரர் பைக் இரண்டையும் உள்ளே எடுக்க வேண்டியிருந்தது. கேட்டுக்குள் நுழையவே இல்லை. மறுநாள் கொத்தனார் வந்து ஒரு பக்கத் தூணை இடித்தார்.

"உனக்குத்தான் சுகி. நீ மழையிலயும் வெயில்லயும் அந்த ஸ்கூட்டர்ல போறத நெனச்சா எனக்கு அங்க தூக்கம் வரமாட்டேங்குது," என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் சுகிர்தாவுக்குச் சிக்கலாகப் போயிற்று. கோபித்துக்கொள்ள இடமில்லாத அன்பு அது.

அவள் வரிச்சிக்குடி பக்கத்தில் கிராமச் செவிலியர். துணை சுகாதார நிலையத்தில் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தடுப்பூசிப் பெட்டியும் பிரஷர் பார்க்கும் கருவியுமாகத் தெருத்தெருவாகப் போவதுதான் வேலை. பத்து வருஷமாக அந்த ஊர்களில் அவளுக்கு 'நர்ஸம்மா' என்றுதான் பெயர். ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் ஊசிக்குப் பயந்து ஓடிவிடும். பெரியவர்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

லீவு முடிந்து போகும் முன் ரஞ்சித்குமார் மூன்று காரியம் செய்தார். அவளுக்கு ஒரு வாரம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஸ்கூட்டரை ஒரு தெரிந்தவருக்குக் கொடுத்துவிட்டார். கடைசியாகத் தன் செல்போனில் வண்டிக்கான ஆப்பைத் திறந்து, அதில் என்னவெல்லாம் தெரியும் என்று பெருமையாகக் காட்டினார். வண்டி எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் போகிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது, உள்ளே எத்தனை டிகிரி குளிர்ச்சி, எல்லாம் தெரிந்தது.

"திருடு போனா அங்கேருந்தே லாக் பண்ணிடலாம். ஸ்டார்ட் ஆவாது," என்றார்.

முதல் வாரம் சுகிர்தாவுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. சீட் முதுகைத் தாங்கியது. வெளியே கொளுத்துகிற வெயில் உள்ளே ஒரு படம் மாதிரிதான் தெரிந்தது. கதவைத் திறந்தால் கீழிருந்து ஒரு படி தானாக நீண்டு வந்தது. தடுப்பூசிப் பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்தால் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பெல்ட் போடச் சொல்லிக் கத்தியது. அவள் பெட்டிக்கு பெல்ட் போட்டுவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

சிரிப்பு நிலைக்கவில்லை. அவள் போகவேண்டிய தெரு ஒன்றிலும் அந்த வண்டி நுழையாது. வயலோரத்தில் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஸ்கூட்டரில் பன்னிரண்டு வீடு பார்த்தவள் இப்போது ஆறு வீடுதான் பார்த்தாள். எதிரே பஸ் வந்தால் பின்னாலேயே போய் ஒதுங்க இடம் தேட வேண்டும். ஆடு குறுக்கே வந்தால் வண்டி நாலு பக்கமும் கூவியது. ஸ்டியரிங் பக்கத்துத் திரையில் ஆட்டின் முதுகு மேலிருந்து தெரிந்தது.

ஜனங்களும் மாறிப்போனார்கள். உத்திராபதியின் மனைவி அமிர்தம், முன்பெல்லாம் அவளைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துப் போய் அடுப்பங்கரையில் உட்கார வைத்து, புருஷன் குடித்துவிட்டு வந்ததிலிருந்து கால்வீக்கம் வரை எல்லாம் சொல்லுகிறவள், இப்போது வாசலிலேயே நின்றாள்.

"நல்லா இருக்கேங்க மேடம்," என்றாள்.

"என்ன அமிர்தம், மேடம்ங்கற?"

அமிர்தம் தூரத்தில் நின்ற வண்டியைப் பார்த்தாள். அன்று அவள் பிரஷர் நூற்றெழுபது இருந்தது. மாத்திரை தீர்ந்து இருபது நாள் ஆகியிருந்தது. கேட்கக் கூச்சப்பட்டு விட்டிருக்கிறாள்.

அதற்கப்புறம் தோஹாவிலிருந்து போன்கள் ஆரம்பித்தன.

"வரிச்சிக்குடி ரோட்ல மூணு மணி நேரமா வண்டி நிக்குதே, என்ன ஆச்சு?"

"வேலைங்க. நான் உள்ள தெருவுல இருக்கேன்."

"வெயில்ல நிறுத்தாத. உள்ள நாப்பத்தெட்டு டிகிரி காட்டுது."

இன்னொரு நாள்: "அம்பகரத்தூர் எதுக்குப் போன?"

"அம்மனக் கும்பிடப் போனேன்."

"சொல்லிட்டுப் போகலாம்ல?"

குரலில் கோபம் இருக்காது. சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரல். ஒருநாள் சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஹஃப்ஸா கடற்கரைக்குப் போய்விட்டு வரலாம் என்று கூப்பிட்டபோது, சுகிர்தா வாயைத் திறக்கும் முன் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள்: கடற்கரையில் வண்டி நின்றால் என்ன கேட்பார், என்ன சொல்ல வேண்டும். "வேணாம் ஹஃப்ஸா, இன்னொரு நாள்," என்றாள். தப்பு எதுவும் செய்யாத ஒருத்தி எதற்கு பதில் தயார் செய்கிறாள் என்று அன்று சாயந்திரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் போகிறேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "வண்டி வாசல்ல நிக்க நீ பஸ்ல போனா தெருவுல என்னைப் பத்தி என்ன பேசுவாங்க?" என்றார் ரஞ்சித்குமார். மாமியார் கமலாம்பாளும் அதையேதான் சொன்னார். "அவன் அங்க பாலைவனத்துல கெடந்து காயறான். உனக்கு ஏசியில ஒக்காந்து போக கசக்குதா?"

கசக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

நவம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை வாய்க்கால் எல்லாம் தளும்பி, வயலும் ரோடும் ஒன்றாகக் கிடந்தன. கர்ப்பிணிப் பெண்கள் மூன்று பேரை அன்றே பார்த்தாக வேண்டும் என்று சுகிர்தா கிளம்பிப் போயிருந்தாள். பத்தரை மணி இருக்கும். அமிர்தம் முக்காட்டுக்குப் போட்ட சாக்கும் நழுவ ஓடி வந்தாள்.

"நர்ஸம்மா! அவுக கால்ல கடிச்சிருச்சு! விரியன்!"

உத்திராபதி வயலில் தேங்கிய தண்ணீரை வடிய வைக்க வரப்பை வெட்டப் போயிருக்கிறார். வளையிலிருந்து வெளியே வந்து கிடந்த பாம்பை மிதித்துவிட்டார். சுகிர்தா போனபோது கணுக்கால் ஏற்கெனவே வீங்கி, கடிவாயிலிருந்து ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது. யாரோ துண்டை முறுக்கி இறுக்கிக் கட்டப் போனார்.

"கட்டாதீங்க! காலை அசைக்காம ஒரு கட்டையோட வச்சுத் துணி சுத்துங்க. நடக்க விடாதீங்க, தூக்கிட்டு வாங்க."

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். வழியெல்லாம் தண்ணீர், ஒரு மணி நேரம் ஆகலாம் என்றார்கள். ஒரு மணி நேரம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். தார் ரோட்டில் நின்ற வெள்ளை வண்டியைப் பார்த்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக, நல்லவேளை நீ இருக்கிறாய் என்று அதைப் பார்த்துத் தோன்றியது.

உத்திராபதியைப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். அவர் சேற்றுக் காலைப் பார்த்து, "சீட்டு அழுக்காயிடும்மா," என்றார்.

"பேசாம படுங்க மாமா."

அமிர்தம் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது. ஆற்றிலும் போகும் என்றது பொய்யில்லை, முழங்கால் அளவுத் தண்ணீரைத் தோணி மாதிரி பிளந்துகொண்டு போனது. சுகிர்தா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே காரைக்கால் அரசு மருத்துவமனைக்குப் பேசினாள். விஷமுறிவு மருந்து தயாராக வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது நடுவில் இன்னொரு அழைப்பு வந்தது. திரை முழுக்க ரஞ்சித்குமாரின் முகம். துண்டித்தாள். மறுபடி வந்தது. துண்டித்தாள். மூன்றாவது தடவையும் துண்டித்துவிட்டு டாக்டரிடம் பேச்சை முடித்தாள்.

ஒரு மதகு தாண்டியதும் ரோட்டின் குறுக்கே வேப்பமரக் கிளை ஒடிந்து கிடந்தது. எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேர் அதை இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகிர்தா வண்டியை நிறுத்தினாள். ஸ்கூட்டரில் பழகிய கை. நின்றால் எஞ்சினை அணைத்துவிடும். இறங்கித் தானும் ஒரு பக்கம் பிடித்து இழுத்தாள். ஐந்து நிமிஷத்தில் வழி கிடைத்தது. நனைந்து ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள்.

எஞ்சின் உயிர் பெறவில்லை. திரையில் சிவப்பாக ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. வண்டி அதன் உரிமையாளரால் பூட்டப்பட்டிருக்கிறது என்றது.

மறுபடி அழுத்தினாள். அதே வரி. மழை கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தது. இந்த ஐந்து நிமிஷத்தில் தண்ணீர் ஏறிப் படிக்கு மேலே வந்திருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே வரும். பின்னால் உத்திராபதி மூச்சை இழுத்து இழுத்து விட்டார். "என்னம்மா, ஏம்மா நிக்குது?" என்றாள் அமிர்தம்.

சுகிர்தா ரஞ்சித்குமாருக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சுகி! எங்க இருக்க? போன எடுக்க மாட்டேங்கற, வண்டி தண்ணிக்குள்ள போவுதுன்னு ஆப் கத்துது..."

"வண்டியத் தெறங்க. பாம்பு கடிச்ச ஆள் உள்ள இருக்காரு. தெறங்க உடனே."

"ஐயோ. இரு, இரு. பண்றேன்." அவர் போனைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "சுகி, ஓடிபி கேக்குது."

"போடுங்க!"

"அது இந்தியா நம்பருக்குப் போவுதுடி. அந்த போன் நம்ம வீட்டு பீரோவுல இருக்கு."

கமலாம்பாளுக்குப் போன் போட்டார்கள். அவர் பீரோ சாவியைத் தேடி, போனைத் தேடி எடுத்துப் பார்த்தால் சார்ஜ் இல்லை. காலையிலிருந்து வீட்டில் கரண்டும் இல்லை. சுகிர்தா இதையெல்லாம் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு, தோலும் மரமும் இழைத்த அந்த அழகான அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். பூட்ட ஒரு விரல் போதுமாக இருந்தது. திறக்க மூன்று பேர் பற்றாமல் போனார்கள்.

"நான் ட்ரை பண்ணிக்கிட்டேதான் இருக்கேன் சுகி. கஸ்டமர் கேர்ல லைன் போட்டிருக்கேன். பதட்டப்படாத, வண்டிய விட்டு எறங்காத."

உத்திராபதியின் ஈறில் ரத்தம் தெரிந்தது. சுகிர்தா போனை அணைத்தாள். கதவைத் தள்ளித் திறந்தாள். சேற்றுத் தண்ணீர் காலடியில் புகுந்து பெடல்களை மூடியது. தொடையளவுத் தண்ணீரில் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

"டிராக்டர் யார்கிட்ட இருக்கு? ஓடுங்க!"

நவநீதன் என்பவருடைய டிராக்டர் வந்து சேர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அந்த இருபத்தைந்து நிமிஷமும் அவள் உத்திராபதியின் நாடியைப் பிடித்தபடி, தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டிரெயிலரில் வைக்கோலைப் பரப்பி, மேலே தார்ப்பாய் பிடித்து அவரைக் கிடத்தினார்கள். வண்டியின் நாலு கதவும் திறந்தே கிடந்தன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உத்திராபதி பிழைத்துக்கொண்டார். ஆனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, இரண்டு வாரம் டயாலிசிஸ் செய்யவேண்டி வந்தது. "அரை மணி முன்னாடி வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது சிஸ்டர்," என்றார் டாக்டர், சாதாரணமாக. சுகிர்தா தலையாட்டினாள். அந்த அரை மணி எங்கே போனது என்று அவரிடம் சொல்லவில்லை. அமிர்தத்துக்குத் தெரியும், அவளும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பேரும் ஈரப் புடவையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று சாயந்திரம் ரஞ்சித்குமார் முதலில் உத்திராபதியைப் பற்றித்தான் விசாரித்தார். அதை அவள் குறைத்துச் சொல்லமாட்டாள்.

"எவனோ திருடிட்டுப் போறான்னு நெனச்சேன் சுகி. சத்தியமா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ தண்ணியில மாட்டிக்கக் கூடாதுன்னுதான் நிறுத்தினேன்," என்றார்.

"ரெண்டுல எதுங்க?"

"என்ன?"

"திருடன்னு நெனச்சீங்களா, நான்னு தெரிஞ்சு நிறுத்தினீங்களா?"

"உன் நல்லதுக்குத்தானே பண்ணேன்," என்றார். குரல் உடைந்திருந்தது. அவரைத் தேற்ற வேண்டும் போல அவளுக்கு வந்தது.

"நான் இனிமே அதுல ஏற மாட்டேங்க," என்றாள்.

மூன்று நாள் தண்ணீரில் நின்ற வண்டியைச் சென்னையிலிருந்து லாரி வந்து ஏற்றிப்போனது. சுகிர்தா பஸ்ஸில் போய்வந்தாள். பொங்கல் கழித்து வண்டி புதுசு போலத் திரும்பி வந்தது. தூண் இடித்த இடைவெளி வழியாக உள்ளே வந்து நின்றது. ரஞ்சித்குமார் உற்சாகமாகப் போன் செய்தார். "எல்லாம் சரி பண்ணியாச்சு சுகி. இனிமே ஓடிபி உன் நம்பருக்கே வரும். அந்த மாதிரி ஆவவே ஆவாது."

ஆப்பில் வண்டியைப் பூட்டுகிற பொத்தானை எடுத்துவிட்டீர்களா என்று அவள் கேட்டாள்.

"அது சேஃப்டிக்கு, அத எப்படி எடுக்கறது?" என்றார், நிஜமாகவே புரியாமல்.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு சுகிர்தா தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். "சாவிய எடுக்கலியா?" என்று கமலாம்பாள் உள்ளேயிருந்து கேட்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க அத்தை," என்று சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கினாள். எதிர்வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

பஸ் ஊரைத் தாண்டி, அறுப்பு நடக்கும் வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"வண்டி வீட்டுலயே நிக்குதே சுகி. நீ எங்க இருக்க?"

"பஸ்ல."

"எந்த பஸ்?"

சுகிர்தா பெட்டியை மடியில் சரிசெய்து வைத்துக்கொண்டாள். கண்டக்டர் பின்சீட்டில் சில்லறைக்காக ஒரு பெண்ணிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"கூட்டமா இருக்குங்க. ஒண்ணும் கேக்கல. அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் அவளைச் சேர்த்து ஒன்பது பேர்தான் இருந்தார்கள்.