மூணு நாள் தண்ணிக்குள் கிடந்த வண்டி

மொக்கையனுடைய மாட்டு வண்டி மூணு நாள் ஆற்றுக்குள் கிடந்தது. நாலாம் நாள் எட்டுப் பேர் வடம் கட்டி இழுத்துக் கரையேற்றினார்கள். ஐந்தாம் நாள் காலையில் மொக்கையன் சொன்னான்:

"இத வித்துருவோம்."

அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சி உரலில் கம்பு இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தவில்லை.

"எத?"

"வண்டியத்தேன்."

"நல்லது மாமா. நான் என்னையச் சொல்றீகளோன்னு நெனச்சேன்."

போடிக்கு ரயில் வருவதற்கு முந்தி நடந்தது இது. மலை மேட்டிலிருந்து ஏலக்காய் மூட்டை கழுதை முதுகில் அடிவாரத்து முந்தல் வரைக்கும் இறங்கும். முந்தலிலிருந்து போடிக்கு வண்டியில் வரவேண்டும். ஏலக்காய் வியாபாரி கலீபுல்லா ராவுத்தருடைய மூட்டைகளை ஏற்றி வருவதுதான் மொக்கையனுக்குச் சோலி. போக ஒரு தடவை, வர ஒரு தடவை ஆற்றைத் தாண்டவேண்டும். பாலம் கிடையாது. வண்டி இல்லையென்றால் மலைத்தோட்டத்துக் கூலிதான். அங்கே ஏறினவன் அறுவடை முடிந்துதான் இறங்குவான், மலைக்காய்ச்சல் விட்டுவைத்தால். முத்துப்பேச்சி இங்கே, அவன் அங்கே.

அது மொக்கையனுக்கும் தெரியும். தெரிந்தும் விற்கவேண்டும் என்றான். ஏன் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன் கண்ணுகளா, முத்துப்பேச்சி காதுக்குப் போகவேண்டாம்.

வண்டி ஆற்றில் போன அன்றைக்கு வெறும் வண்டியோடு முந்தலுக்குக் கிளம்பினான். போடியில் சுள்ளென்று வெயில். ஆற்றில் முழங்கால் தண்ணீர். நட்டாற்றில் மாடு ரெண்டும் வழக்கம்போல நின்று தண்ணீர் குடித்தன. மேட்டில் பெய்த மழை ஊருக்குத் தெரியுமா? செங்காமட்டைச் சிவப்பு நிறத்தில் ஒரு சுவர் மாதிரி வந்தது தண்ணீர். பூட்டாங்கயிற்றை அவிழ்த்து மாடுகளை விட்டான், அது வரைக்கும் கெட்டிக்காரன். அடுத்த நொடியில் கால் தரையில் இல்லை. வாய்க்குள் தண்ணீர், மூக்குக்குள் தண்ணீர். கையில் என்னவோ தட்டுப்பட்டது, பிடித்துக்கொண்டான். அது செவலைக் காளையின் வால். செவலை நீந்திக் கரையேறியது, பின்னால் மொக்கையனும் கரையேறினான்.

வீட்டில் வந்து அவன் சொன்னது வேறு கதை. "மாட்ட அவுத்துத் தண்ணி காட்டிக்கிட்டுக் கரையில நின்னேன். வண்டி மட்டும் போயிருச்சு" என்றான். சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறீர்களே என்று முத்துப்பேச்சி கேட்டதற்கு, வண்டியைப் பிடிக்க இடுப்பளவு இறங்கினேன் என்றான்.

பத்து வருசமாக அந்த ஆற்றைத் தாண்டினவன், இப்போது பானைத் தண்ணீரை மொண்டு குடிக்கும்போதுகூடக் கண்ணை மூடிக்கொண்டான். வாலைப் பிடித்து வந்தேன், இனிமேல் ஆற்றில் இறங்கமாட்டேன் என்று எந்த ஆம்பளை பெண்டாட்டியிடம் சொல்வான்? அதிலும் முத்துப்பேச்சி மாதிரி வாய் உள்ளவளிடம்? பழியை வண்டி மேல் போட்டான். வண்டி திருப்பிப் பேசாது.

"தண்ணியில ஊறின வண்டிடி. மரம் உளுத்துப்போகும். நம்பி ஏற முடியாது."

"சரி. ஆசாரி பாத்துச் சொல்லட்டும்" என்றாள் அவள்.

அமாவாசை என்கிற ஆசாரி மறுநாள் வந்தார். கொட்டாப்புளியால் ஒவ்வொரு ஆரக்காலையும் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். நாடி பிடித்துப் பார்க்கிற வைத்தியர் மாதிரிதான். ரெண்டு சக்கரத்தையும் பார்த்து முடிக்க ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் மொக்கையன் பக்கத்தில் நின்று, "அங்கன பொத்துன்னு கேட்டுச்சே", "இந்த ஆரக்கால் செத்த சத்தமால்ல இருக்கு" என்று எடுத்துக்கொடுத்தான்.

"அப்பு, தட்டுறது நானா நீயா?" என்றார் ஆசாரி. எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "வண்டிக்கு ஒரு கொறையும் இல்ல. மரம் ஊறி இறுகிப்போச்சு. முந்தி ஒன் வண்டி வந்தா அடுத்த ஊரு சிலமலை வரைக்கும் கிறீச் கிறீச்சுன்னு கேக்கும்ல? இனிக் கேக்காது. ஆனா ஒண்ணு, ஒரேயடியாக் காயவிட்டுறாத. காஞ்சா மரம் சுருங்கும், இரும்புப் பட்டா கழண்டுக்கிரும். நெதமும் ஆத்துல எறக்கி ஏத்து."

"தண்ணியில கெடந்ததுக்கு மறுபடியும் தண்ணியா?"

"பின்ன, நெய்யில எறக்குவியா?"

முத்துப்பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மொக்கையனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்று மத்தியானமே ராவுத்தரிடமிருந்து ஆள் வந்தான். வியாழக்கிழமை முந்தலில் மூட்டை இறங்குகிறது, மொக்கையன் வண்டி வராவிட்டால் தேவாரம் ஊர் வண்டிக்குச் சொல்லிவிடப்போகிறார் என்றான். வியாழனுக்கு மூணு நாள்தான் இருந்தது.

மொக்கையன் விடவில்லை. சிலமலைக்கு ஆள் அனுப்பி ஒச்சப்பனை வரச்சொன்னான். ஒச்சப்பன் நிலபுலன் உள்ளவர், வயலுக்குக் குப்பை அடிக்க ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தார்.

வண்டி விற்பதற்கு நம் பக்கத்தில் ஒரு முறை உண்டு. வாங்குகிறவர் குறை சொல்லவேண்டும், விற்கிறவர் மெச்சிப் பேசவேண்டும். ரெண்டு பேரும் தொண்டை வறளப் பேசி நடுவில் ஓரிடத்தில் வந்து நிற்பார்கள். இதை உத்தேசித்துத்தான் ஒச்சப்பனும் வந்தார். ஆனால் முத்துப்பேச்சி ஒரு செம்பு மோரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் அங்கேயே நின்றுவிட்டாள். மொக்கையன் என்ன செய்வான்? வண்டி நல்ல வண்டி என்றால் பெண்டாட்டி பிடித்துக்கொள்வாள். மட்டமான வண்டி என்றால் ஒச்சப்பன் போய்விடுவார்.

ஒச்சப்பன் முறைப்படி சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். "என்ன தம்பி, சக்கரம் இந்த ஆட்டம் ஆடுது?"

மொக்கையன் பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தான். "ஆமாண்ணே. ஆடத்தேன் செய்யுது."

ஒச்சப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுபடியும் ஆட்டினார். "ஆடலையே?"

"இன்னைக்கு ஆடலண்ணே. நாளைக்கு ஆடும்."

"அச்சு?"

"வளைஞ்சிருக்கும்."

ஒச்சப்பன் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "நேராத்தானய்யா இருக்கு? நல்லாக் கம்பீரமா இருக்கு!"

"பாக்க நேராத் தெரியும்ணே. அதுதேன் அதோட குணம்."

"மோரக் குடிங்கண்ணே" என்றாள் முத்துப்பேச்சி. "போன வாரம் வரைக்கும் இந்த வண்டிக்கு ஈடு மதுரை வரைக்கும் கெடையாதுன்னு சொன்ன ஆளு இவுக. தண்ணி பட்டதும் ஞானம் வந்துருச்சு."

ஒச்சப்பன் மோரைக் குடிக்கவில்லை. செம்பைக் கீழே வைத்தார். தன் வண்டியைத் தானே ஒருத்தன் இவ்வளவு குற்றம் சொல்கிறான் என்றால், அவன் வாயில் வராத குற்றம் ஒன்று இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நெசத்தச் சொல்லு. ஆத்துக்குள்ள கெடக்கும்போது... வண்டியில எதும் ஏறிக்கிருச்சா?"

"எதுண்ணே?"

"பேரு சொல்லக்கூடாதுப்பா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெரசாக நடந்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் பரவிவிட்டது. கீழத்தெருவில் மொக்கையன் வண்டியில் ஒரு பொம்பளைப் பேய் ஏறியிருக்கிறது என்றார்கள். மேலத்தெருவுக்குப் போகும்போது அதற்கு ஈரத் தலையும் சிவப்புச் சேலையும் வந்துவிட்டது. சந்தைப்பேட்டையை எட்டும்போது அது கம்பத்துப் பொம்பளை, மாமியாரோடு சண்டை போட்டு ஆற்றில் விழுந்தவள் என்று ஊர் பேர் எல்லாம் கிடைத்துவிட்டது. இனி அந்த வண்டியை ஓசிக்குக் கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை.

மொக்கையன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். பிறகு எழுந்து மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைத்தான். மயிலைக் காளைக்கு ரெண்டு கை. செவலைக்கு நாலு கை.

முத்துப்பேச்சி அதைப் பார்த்தாள். நேற்றும் செவலைக்குத்தான் கூட. முந்தாநாளும் அப்படித்தான். அவன் அந்தப் பக்கம் போனதும் செவலையிடம் போனாள். முகத்தைப் பார்த்தாள், கொம்பைப் பார்த்தாள், சுற்றிப் பின்னால் வந்தாள். வால் நுனியில் கொத்தாக இருக்கவேண்டிய முடியில் பாதி இல்லை. வேரோடு பிய்ந்த இடம் புண்ணாகிக் காய்ந்திருந்தது.

அவள் வாலைக் கையில் எடுத்தாள். ஒருத்தன் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தால் அவ்வளவு முடி வரும் என்று நினைத்துப் பார்த்தாள். அப்புறம் வீட்டுக்குள் போய், அடுக்குப் பானைக்குள் தனக்கென்று ஒளித்துவைத்திருந்த கருப்பட்டியை எடுத்து வந்து முழுசாகச் செவலை வாயில் கொடுத்தாள். புண்ணில் மஞ்சளை அரைத்துத் தடவினாள். புருசனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது முத்துப்பேச்சிக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வியாழக்கிழமை விடிந்து, நன்றாக வெயில் ஏறின பிறகு மொக்கையன் வெளியே வந்தான். வண்டிக்குள் முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்து முடியை விரித்துவிட்டிருந்தாள். கல்யாணத்துச் சிவப்புச் சேலை.

"எங்கடி கெளம்பிட்ட?"

"முந்தலுக்கு. வண்டியில பேயி இருக்காம்ல, பாக்கணும்."

"இருந்தா என்ன செய்வ?"

"பேச்சுத் துணைக்கு ஆச்சு. வீட்லதேன் ஒருத்தரும் வாயத் தொறக்கலையே."

மொக்கையன் மாட்டைப் பூட்டினான். வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் தெருவில் போயிற்று. திருப்பத்தில் பக்கத்துத் தெரு வீரலட்சுமி குடத்தோடு வந்தவள், சத்தமில்லாத வண்டியையும் ஈரத் தலையையும் சிவப்புச் சேலையையும் பார்த்துக் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். "ஏ மதினி, நாந்தேன்!" என்று முத்துப்பேச்சி கூப்பிட்டாள். பேய் மதினி என்று கூப்பிட்டால் யார்தான் நிற்பார்கள்?

ஆற்றங்கரை வந்ததும் மொக்கையன் இறங்கினான். கடையாணியைத் தட்டினான். பூட்டாங்கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினான். நுகத்தடியைத் தடவினான். மறுபடியும் கடையாணிக்கு வந்தான். கேலி பண்ண முத்துப்பேச்சிக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது, ஆனாலும் பண்ணவில்லை. அவன் ஏறி உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தான், ஓட்டவில்லை. மாடுகளுக்கு என்ன பயம்? அவற்றுக்குத் தாகம். அவையே இறங்கிவிட்டன.

முழங்கால் தண்ணீர். அடியில் கூழாங்கல் தெரிந்தது. நட்டாற்றில், அதே இடத்தில், ரெண்டும் நின்று தண்ணீருக்குத் தலையைத் தாழ்த்தின.

மொக்கையன் ஒரு கையால் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கண் மலை உச்சியை விட்டு நகரவில்லை.

"மேட்டுல மழை இல்ல மாமா. கருக்கல்ல இருந்து நானும் அதத்தேன் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் பின்னாலிருந்து.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"வாலப் பிடிச்சுக்கிட்டுத்தேன் வந்தேன்" என்றான். தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் பாதி அடிபட்டுப்போயிற்று.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"செவலை வாலு மொட்டையா இருக்குல்ல. மயிலை வாலு முழுசா இருக்கு. கரையில நின்னவருக்கு வாலுல என்ன சோலி?"

"சிரிக்கலையா நீ?"

"சிரிக்கத்தேன் போறேன். உசுரு இருக்குற வரைக்கும் சிரிப்பேன். இப்ப இல்ல." அவள் விரித்துவிட்ட முடியை அள்ளி முடிந்துகொண்டாள். "திருப்புறதுன்னா இங்கனயே திருப்புங்க மாமா. வண்டியப் பிரிச்சு வெறகுக்குப் போட்டுருவோம். மலைக்குப் போறதுன்னா ரெண்டு பேருமாப் போவோம். நான் ஒரு சொல் சொல்லமாட்டேன்."

"நீயா? ஒரு சொல் சொல்லமாட்ட?"

"ஒரு வாரத்துக்கு."

மயிலை நிமிர்ந்தது. பிறகு செவலை நிமிர்ந்தது. மூஞ்சியிலிருந்து தண்ணீர் சொட்ட ரெண்டும் அவன் சொல்லுக்காக நின்றன. ஒரு பக்கத்துக் கயிற்றை இழுத்தால் போடி. இழுக்காவிட்டால் முந்தல். தண்ணீர் ஆரக்கால்களுக்கு நடுவே புகுந்து போய்க்கொண்டிருந்தது. வண்டி அசையவில்லை, முனகவில்லை.

மொக்கையன் பலகையிலிருந்து கையை எடுத்தான். நாக்கை மடித்துச் சத்தம் கொடுத்தான்.

"போ, செவல."

அக்கரையில் ஏறி நின்றதும் சக்கரம் ரெண்டிலிருந்தும் தண்ணீர் வடிந்தது. முத்துப்பேச்சி இறங்கிச் சேலையை உதறினாள். தன் சோலி முடிந்தது என்கிற மாதிரி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"சரி மாமா, நீங்க போயி மூட்டைய ஏத்துங்க. ராவுத்தரு ஆளு காத்துக்கெடப்பான். நான் இப்படியே நடந்து வீட்டுக்குப் போறேன், அடுப்புல ஒண்ணும் வைக்கல."

ரெண்டு எட்டு வைத்தாள். நின்றாள். ஆறு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பிறந்ததிலிருந்து அதில் கால் வைத்து இறங்கினதே கிடையாது.

"என்ன நின்னுட்ட?" என்றான் மொக்கையன்.

"இல்ல... இத எப்படித் தாண்டுறதுன்னு..."

ஒன்பது நாளில் முதல் தடவையாக மொக்கையன் பல்லைக் காட்டினான்.

"செவலை வாலு இருக்குடி. வந்து பிடிச்சுக்க. ஒனக்குன்னு பாதி முடி மிச்சம் வச்சிருக்கேன்."