திரையில் தெரியாத கழுத்து

1.
இந்தக் கதை ஒரு கைதட்டலில் பிறந்தது. கம்பாலாவில் நான் வேலை செய்யும் மருத்துவமனையில், மயக்க மருந்தில் கிடந்த ஒருத்தியின் மூச்சுக்குழலுக்குள் குழாய் போனதும் மாணவர்கள் கைதட்டினார்கள். அவள் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். கை காலியாக இருந்திருந்தாலும் தட்டியிருக்க மாட்டேன். அன்றைய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன். கலை கிலை என்றெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

2.
முதல் வரி எப்படி இருக்கலாம்?

"மழை ஓய்ந்த காலையில் நால்வோகா சந்தைக்குப் புறப்பட்—"

வேண்டாம். மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"மனிதக் கழுத்தில் ஏழு எலும்புகள் இருக்—"

பாடப்புத்தகம். நேராகவே சொல்லிவிடுகிறேன். நால்வோகா ரோலெக்ஸ்* போட்டு விற்கிறவள். வாடகை பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனவளை ஒரு வேன் தட்டிவிட்டது. கழுத்தெலும்பு உடைந்தது, உள்ளே ஓடும் நரம்புத் தண்டு தப்பியது. அறுவைக்கு முன் கைகளில் பலம் இருக்கிறதா என்று பார்க்க என் விரல்களைக் கொடுத்தேன். நெரித்துவிட்டாள்.

"போதும்மா, ஒடச்சிடாத."

"மாவு பிசையுற கை முசாவோ†. இந்தக் கையப் பத்திரமா திருப்பிக் குடுத்துடுங்க. மத்தத என்ன வேணா பண்ணிக்கோங்க."

(* கைக்கடிகாரம் இல்லை. சப்பாத்திக்குள் ஆம்லெட்டைச் சுருட்டித் தருவது.)

(† முசாவோ: டாக்டர், நர்ஸ், ஊசி போடுகிறவர், எல்லோருக்கும் எங்கள் ஊரில் இதே பெயர்தான். பழி வரும்போது மட்டும் தனித்தனியாகிவிடுவோம்.)

3.
கிகோஸி என்ற பாத்திரம்தான் எனக்குச் சரியாக வரவில்லை. நீங்கள் வில்லன் கேட்பீர்கள். அவன் வில்லன் இல்லை. என்னைப் போல மயக்க மருந்து டாக்டர், என்னோடு படித்தவன், என் கல்யாணத்தில் மட்டோக்கே என்ற வாழைக்காய் மசியலைப் பரிமாறியவன். (இதை எழுதும்போதே கோபம் குறைகிறது. குறையக் கூடாது.)

பழைய கருவியால் தொண்டையைப் பார்க்கத் தலையைச் சாய்க்க வேண்டும். உடைந்த கழுத்துக்கு அது ஆகாது. அதனால்தான் நுனியில் கேமரா வைத்த வீடியோ லாரிங்கோஸ்கோப் வந்தது. வளைந்து போய்ப் பார்த்துத் திரையில் காட்டும். ஆனால் அதையும் ஒரு மனிதக் கைதான் தூக்குகிறது. லேசாகப் பிடித்தால் குரல்நாண்கள் பாதி தெரியும், குழாய் போட அதுவே பெரும்பாலும் போதும். முழுசாகத் தெரியட்டும் என்று தூக்கினால் கழுத்தும் கூடவே வரும்.

4.
"பாதி தெரியுது கிகோஸி. போட்டுடு."

"இரு, பசங்களுக்கு முழு வியூ காட்டுறேன்."

"தூக்காத. கழுத்து நகருது."

"எப்படி நகரும்? இது கேமரா, தாயே!"

"கேமரா தொண்டைக்குள்ள இருக்கு. கழுத்து என் கையில இருக்கு. நகருதுன்னு சொல்றேன்ல!"

"நக்கிபூகா, பஸ்ல உக்காந்தாலே கண்ண மூடிக்கிற ஆளு நீ. இங்க பாரு, என்னா அழகு!"

எல்லோரும் பார்த்தார்கள், திரையை. பழைய கருவி இருந்த காலத்தில் கழுத்தை நினைத்து எங்களுக்குக் கை நடுங்கும். கேமரா வந்ததும் நடுக்கம் போய்விட்டது. "வியூ எப்படி?" என்று கேட்கிறோம். "கழுத்து எப்படி?" என்று கேட்பாரில்லை. அழகாம்! யாருக்கு அழகு? படுத்திருந்தவளுக்கா?

5.
முடிவு ஒன்று: நால்வோகா விழித்து இரண்டு கைகளையும் ஆட்டுகிறாள். "பாத்தியா, கேமரால கழுத்து நகராது" என்கிறான் கிகோஸி.

முடிவு இரண்டு: வலது கை விரல்கள் மடங்கவில்லை. "அது விபத்துல வந்தது. கேமரால கழுத்து நகராது" என்கிறான் கிகோஸி.

எந்த முடிவை எழுதினாலும் அவனுக்கு ஒரே வசனம். என் வயிற்றெரிச்சலே இதுதான். (அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். விபத்தா, வீக்கமா, அறுவையா, அந்தத் தூக்கலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நியாயத்தைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் ஆத்திரம் தீரவில்லை.)

நடந்தது இரண்டாவது. விரல்களுக்குப் பலம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

6.
மறுநாள் இருவரும் அவள் கட்டிலருகே நின்றோம். மடங்காத கையை மற்ற கையால் தூக்கி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். குரல் கம்மியிருந்தது.

"முசாவோ, நான் மயக்கத்துல இருந்தப்போ என் கழுத்து அசைஞ்சுதா?"

கிகோஸி என்னைப் பார்த்தான். ["அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று நான் சொல்வதாக ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன்.]

"அசைஞ்சுது," என்றேன்.

காலர் போட்டிருந்ததால் அவளால் தலையைத் திருப்ப முடியவில்லை. கண்களை மட்டும் கிகோஸி பக்கம் திருப்பினாள்.

"ஏன் முசாவோ?"

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவன் பதிலை நீங்கள் எழுதுங்கள். கேமராவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வரக் கூடாது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுத வேண்டும்.