பச்சைச் சட்டை, வெள்ளை மான்

சித்தி சொன்ன அடையாளத்தில் ஒரு குழப்பமும் இல்லை. "பச்சை டி-ஷர்ட்டு, நெஞ்சுல வெள்ளை மான். பூங்காவுல யானை பொம்மைக்கிட்ட நிப்பாரு. பேரு முனீஸ். பாத்துட்டுப் பொழுது சாயுறதுக்குள்ள சரியா இல்லையான்னு சொல்லிருத்தா."

அனுசுயா திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில், துணி ஓரங்களைச் சேர்த்து மூட்டும் ஓவர்லாக் டெய்லர். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து எட்டு வருஷமாகிறது. போன தடவை பெண் பார்க்க வந்தவன், லைன் வீட்டு வாசலில் அவளைப் பார்த்ததுமே பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். காபி டம்ளரோடு நின்ற நிலையை அவளால் இன்னும் மறக்க முடியவில்லை. அதனால்தான் இந்த முறை, முதலில் நான் போய்ப் பார்க்கிறேன் என்று அடம்பிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. பூங்கா அமைதியாகத்தான் இருந்தது, அவள் மனசுதான் தறிகெட்டு ஓடியது. யானை பொம்மைக்கு அருகே ஒரு பச்சைச் சட்டை. சரி. பெஞ்சில் இன்னொன்று. வேப்பமரத்தடியில் மூன்று! எல்லா நெஞ்சிலும் அதே மான்.

அட கடவுளே! அவள் கம்பெனியில் கேன்சலான ஆர்டர் அது. அந்தச் சட்டைகளுக்குக் கை மூட்டியவளே அவள்தான். போன வாரம் ரோட்டோரத்தில் மலையாகக் கொட்டிக் கூவி விற்றார்கள். திருப்பூரில் போய் பனியனை வைத்து மாப்பிள்ளையை அடையாளம் சொல்வாளா ஒருத்தி? சித்தியைத் திட்டலாமென்றால் போன் ஸ்விட்ச் ஆஃப். மாப்பிள்ளையின் நம்பரை, கல்யாணத்துக்கு முன்னாடி எதுக்கு என்று சித்தி தரவேயில்லை.

யானைக்காரரிடம் போய், "நீங்க முனீஸா?" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே இந்தியில் ஏதோ சொன்னார். பெஞ்சுக்காரரைக் கேட்பதற்குள் அவர் மனைவி குழந்தையோடு வந்து முறைத்தாள். மரத்தடி மூவரும் அவள் கேட்டதைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். முகம் எரிந்தது.

தோட்டக்காரர் ஆத்தப்பன் குழாயை மூடிவிட்டு, "ஏனுங் கண்ணு, யாரைத் தேடறீங்க?" என்றார்.

"பச்சைச் சட்டைக்காரருங்கய்யா."

"எந்தப் பச்சைங்க? நீங்க மரத்தடியில நிக்கறப்ப இன்னொருத்தரு யானைகிட்ட வந்து நின்னு உங்களையே பாத்துட்டிருந்தாருங்க. அப்புறம் விறுவிறுன்னு அக்கட்ட போயிட்டாரு."

பார்த்துவிட்டுப் போய்விட்டானா? இவனுமா? கேட்டை நோக்கி நடந்தாள்.

"ஒரு நிமிசம்!"

கழிப்பறைப் பக்கமிருந்து ஒருவன் ஓடி வந்தான். போட்டிருந்தது பச்சைச் சட்டைதான், ஆனால் உள்பக்கம் வெளியே. மான் இல்லை. தோள் நெடுக ஓவர்லாக் தையல் துருத்திக்கொண்டிருந்தது. அவள் போட்ட தையல்.

"நாந்தான் முனீஸு," என்றான் மூச்சிரைக்க. "நீங்க ஒவ்வொரு மானாத் தேடுறதப் பாத்தேன். இத்தனை மானு நிக்குதே, எப்படிக் கண்டுபிடிப்பீக, நான் தனியாத் தெரியட்டும்னு சட்டையத் திருப்பிப் போடப் போனேன். வந்து பாத்தா நீங்க கிளம்பிட்டீக. பிடிக்காமத்தான் போறீகளோன்னு பயந்துட்டேன்."

அவளை அங்கிருந்து விரட்டிய அதே பயம் அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

அப்போது பார்த்து சித்தி போன் வந்தது, வீடியோ காலில்.

"முதல்ல சட்டைய நேராப் போட்டுட்டு வாங்க," என்றாள் அனுசுயா. "சித்திக்கு உங்களைக் காட்டணும்."