வெர்சியின் பின்னால் வந்த விடுதி

கலுங்கான் பண்டிகைக்கு முந்தின நாள் காலை, ஓர் உல்லாச விடுதி எங்கள் ஊர்ப் பெண் வெர்சியின் பின்னாலேயே சந்தைக்கு வந்து, பன்றிக்கறிக் கடைக்கும் தேங்காய்க் கடைக்கும் நடுவில் நின்றது. உள்ளே விருந்தினர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நீச்சல்குளம் வழியெல்லாம் சிந்தியதைத் தவிர வேறு சேதமில்லை. வெர்சி திரும்பிப் பார்த்து, "சனியனே, காய் வாங்கக்கூட விடமாட்டியா?" என்று திட்டினாள். அவள் கூடை நிறைந்ததும் அதுவும் கூடவே திரும்பிப் போனது.

விடுதியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சுரபாயா நகரத்துப் பணக்காரர் ஹெர்மந்தோ எங்கள் மலையடிவாரத்தில் பழைய பாலி ஊர் போலவே அதைக் கட்ட ஆசைப்பட்டார். மதில் சூழ்ந்த வீடுகள், மலைப்பக்கம் கோயில், ஊரைக் கூப்பிட மரமணிக் கோபுரம் எல்லாம் அசலாக இருக்க வேண்டுமாம். அசல் என்றால் எங்களிடம் அளவுநாடா கிடையாது. வீட்டுக்கு உரியவர் கையை விரித்து நிற்க வேண்டும். அந்த அகலம், அவர் முஷ்டி, அவர் பாதம், இவைதான் கணக்கு. ஒவ்வோர் அளவுக்கு மேலும் ஒரு விரல் கூட்டுவோம், அது வீட்டுக்கு உயிர். நல்ல நாள் பார்த்துக் கட்டட ஆசான் மூங்கில் கோலோடு காத்திருந்தால், ஹெர்மந்தோ விமான நிலையத்திலிருந்து போனில், "யார் கையா இருந்தா என்ன, அளந்து முடிங்க ஐயா" என்றார். கொத்தனார்களுக்குக் காப்பி கொண்டுவந்த வெர்சிதான் பக்கத்தில் நின்றாள். அவளையே அளந்தார்கள். புனித நீர் தெளித்து உயிர் கொடுக்கும் சடங்கும் ஒரு குறையில்லாமல் நடந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? வெர்சி தும்மினால் எல்லா அறைக் கதவும் திறந்தன. அவளுக்குக் கோபம் வந்தால் குளத்து நீர் சூடேறியது. விருந்தினர்கள் வெந்நீர் ஊற்று என்று மகிழ்ந்தார்கள். ஹெர்மந்தோ அவளைச் சமையல்கட்டில் வேலைக்கு வைத்து, தூரமாகப் போகாதே அம்மா என்று கும்பிட்டார். ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அங்கேதான் பிழைப்பு. சில வருடங்கள் சுகமாக ஓடின.

கடற்கரையில் உப்புக் காய்ச்சும் ரெந்தாவை அவள் விரும்பியபோதுதான் சிக்கல் வந்தது. கல்யாணமானால் பெண் புருஷன் வீட்டுக்குப் போக வேண்டும். மாப்பிள்ளையை மலைக்கு வரச் சொன்னார் ஹெர்மந்தோ. "கடலத் தூக்கிட்டு வர முடிஞ்சா வரேன்" என்றான் ரெந்தா. ஹெர்மந்தோ தாமே கையை விரித்து நின்று மறுபடி அளக்கச் சொன்னார். விடுதி அவர் முகத்தில் கதவைச் சாத்தியது. ரெந்தாவின் அம்மாவோ, "அந்தப் பூதம் என் உப்புக் களத்துல கால் வெச்சா, கல்யாணமே கிடையாது" என்று சொல்லியனுப்பினாள்.

ஊர்ச்சபை கூடியது. "ஒரு ஓட்டலுக்காக நான் கன்னியாவே கெழவியாகணுமா?" என்று வெர்சி கேட்டு அழுதுவிட்டாள். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. சபைத் தலைவர் தொண்டையைச் செருமினார். "பொண்ணோட பாத்திரம் போகுது, துணி போகுது. இதுவும் சீரா போகட்டும். வேலைக்குப் போற பசங்க வண்டியில போய்ட்டு வாங்க. மாமியாரக் கெஞ்சிப் பாப்போம்."

கல்யாண நாளில் மேளத்துக்குப் பின்னால், சேலையைத் தூக்கிப் பிடித்து நடக்கும் பெண்போல, விடுதி வயல் வரப்பெல்லாம் பார்த்துப் பார்த்து இறங்கியது. விருந்தினர்கள் கையசைத்தார்கள். களத்துக்கு முன்னால் மாமியார் இடுப்பில் கைவைத்து நின்றாள். வெர்சி சிரித்தபடி கும்பிட்டாள். முகத்தில் பயத்தின் சுவடே இல்லை. ஆனால் பின்னால் விடுதியின் ஜன்னல்கள் அத்தனையும் தடதடவென்று நடுங்கின. கூரையிலிருந்து புல் உதிர்ந்தது.

மாமியார் ஜன்னல்களைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து கை தானாக இறங்கியது. "அடிப் பைத்தியமே, நான் என்ன உன்னக் கடிச்சா திங்கப்போறேன்? அத அந்தப் பக்கமா உக்காரச் சொல்லு, உப்பு காயுது. நீ கால் கழுவிட்டு உள்ள வா" என்றாள்.

ஜன்னல்களின் நடுக்கம் நின்றது. விடுதி தள்ளிப் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்தது. ஹெர்மந்தோ விளம்பரத்தில் மலையை எடுத்துவிட்டுக் கடலைப் போட்டார். கலுங்கானுக்கு வெர்சி தன் அம்மா வீட்டுக்கு வருவாள் என்பதால், ஒரு வயலை முன்கூட்டியே அறுத்துக் காலியாக வைக்கிறோம்.