காற்று உறிஞ்சும் இடம்

காதுக்காரர் என்றால் போதும், யாரும் பட்டறைக்கு வழி சொல்லிவிடுவார்கள். தெருமுனையில் ஒரு கார் திரும்பும்போதே அதில் எது தளர்ந்திருக்கிறது என்று இருந்த இடத்திலிருந்தே சொல்கிற ஆள் என்று அவருக்குப் பேர். ஒரு காலத்தில் அவர் மனைவியும் அந்தப் பெருமையை வாய் ஓயாமல் பேசித் திரிந்தவள்தான். இப்போது அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ட இரும்புக்கெல்லாம் காது கொடுக்கிற மனிதருக்குக் கட்டினவள் குரல் மட்டும் எட்டாதாம். நியாயமா இது?

அவள் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள். வெளியூரில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு வருவதாகத்தான் அவரிடம் சொல்லியிருந்தாள். திரும்பி வரப்போவதில்லை என்பது அவளுக்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அதற்காக, கல்யாணமான புதிதில் வாங்கிய பழைய காரைப் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். அது ஒழுங்காக ஓடினால்தானே!

வேகமாக ஓட்டினால் அந்தக் காரில் ஒரு குறையும் இல்லை. நிறுத்தி எஞ்சினைச் சும்மா ஓட விட்டால்தான் தொல்லை. காய்ச்சல் கண்ட உடம்பு போல வண்டி முழுக்க நடுங்கும், விட்டுவிட்டு இருமும், சில நேரம் அப்படியே அணைந்துவிடும். அவர் நாலு பிளக்கையும் மாற்றினார். ஒயர்களை மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவிப் பூட்டினார். ஓடுகிற எஞ்சினில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் பார்த்தார். எந்த ஒயரைப் பிடுங்கும்போது ஓட்டம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கணக்கு. எதைப் பிடுங்கினாலும் ஓட்டம் தடுமாறியது. நாலும் வேலை செய்தன. நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.

"மிஸ்ஸிங் அடிக்குது, ஓட்டம் விட்டுவிட்டு வருது. எங்கேன்னுதான் பிடிபட மாட்டேங்குது," என்று துணியில் கையைத் துடைத்தபடி சொன்னார். "எங்கயாச்சும் ஓட்டை விழுந்து காத்தை உள்ள உறிஞ்சினாலும் இப்படித்தான் குலுங்கும். ஆனா அதுவா இருந்தா எனக்குக் கேட்டிருக்குமே!"

பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த வாசல்படியில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் படியைக் கண்டாலே ஆகாது. அவளுடைய அம்மா இறந்துபோன தகவல் வந்த அன்று இதே படியில் நின்றுதான், "ஏங்க, அம்மா போயிட்டாங்க," என்றாள். தொண்டை அடைத்துக் குரல் மெலிந்துதான் வந்தது. ஆனாலும் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். பானெட்டுக்குள் குனிந்திருந்தவர் நிமிரவே இல்லை. சாயங்காலம் மகள் போன் செய்த பிறகுதான் பதறியடித்து உள்ளே ஓடி வந்தார். ஊருக்காகப் போடுகிற வேஷம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் மனசு விட்டுப்போனது.

அதற்குப் பிறகு எல்லாம் அதே கதைதான். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் பதில் இருக்காது. ஒருநாள் அடுப்பில் கெட்டில் விசிலடித்து விசிலடித்துத் தண்ணீர் வற்றிக் கருகிப்போனது, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கல்லுளிமங்கன்! வாடிக்கையாளர்களோடு மட்டும் வாய் கிழியப் பேச்சு. அவள் மெல்ல மெல்லப் பேசுவதையே விட்டுவிட்டாள். சுவரோடு எத்தனை நாள் பேச முடியும்?

"இந்த விளக்கைக் கொஞ்சம் பிடி," என்றார்.

கடைசி உதவி என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் போய்க் கைவிளக்கைப் பிடித்தாள். எஞ்சின் குலுங்கி இருமியது. அந்தக் கடமுடாவுக்கு நடுவே, எஞ்சினின் பின்பக்கமாக, மெல்லிய சத்தம் ஒன்று வந்துகொண்டே இருந்தது. பல்லிடுக்கில் யாரோ காற்றை இழுப்பது மாதிரி.

"அங்க என்னமோ உஸ்ஸுங்குதே," என்றாள்.

அவர் பாட்டுக்குத் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தார். அவளுக்குத் தலைக்கேறியது. இவ்வளவு காலம் அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கைக்கு வந்தது. விளக்கின் பிடியால் கார் தகரத்தில் ஓங்கித் தட்டினாள்.

"காதுன்னு ஒண்ணு இருந்தா கேளுங்க! பின்னாடி உஸ்ஸுன்னு சத்தம் வருதுன்னு சொல்றேன்ல!"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவள் காட்டிய இடத்தில், பிரேக்குக்குப் போகிற தடித்த ரப்பர் குழாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தார். ஒரு காதை வைத்தார், பிறகு தலையைத் திருப்பி மறு காதை வைத்தார்.

"ஒண்ணும் கேக்கலையே," என்றார்.

பொய் சொல்ல அவருக்கு வராது. எத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள், அது தெரியாதா? அந்த முகத்தில் பொய் இல்லை.

அவள் அவருடைய விரலைப் பிடித்துக் குழாயின் அடிப்பக்கம் கொண்டுபோய் அழுத்தினாள். மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் ரப்பர் வெடித்திருந்தது. விரல் பட்டதும் எஞ்சின் சட்டென்று சாந்தமாகி ஒரே சீராக ஓடியது. எடுத்தார், நடுங்கியது. வைத்தார், அடங்கியது. மறுபடி எடுத்தார்.

"இப்பவும் கேக்குதா உனக்கு?"

"கேக்குது."

"நல்லாவா?"

"படியிலேர்ந்தே கேக்கும்போல."

அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டுக் காரின் விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது. தடித்த சத்தம், எதிரே நின்று பேசுகிற பேச்சு, காதோடு ஒட்டிய போன் எல்லாம் கேட்கிறது, அதனால் எல்லாமே கேட்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார், பாவம். மெலிந்த சத்தம், கீச்சென்ற சத்தம் என்று உலகத்தில் ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

அவளுக்குக் கெட்டில் ஞாபகம் வந்தது. அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக எல்லாம் வந்தன.

"ஏங்க," என்றாள், அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று. "அம்மா போன அன்னிக்கு நான் அந்தப் படியில நின்னு சொன்னேனே. ரெண்டு தடவை சொன்னேன்."

அவர் அவளையே பார்த்தார்.

"நீ சொன்னியா?"

"சொன்னேன்."

"பொண்ணுதானே சொன்னா. போன்ல." அவர் உதடு கோணியது. "பெத்த தாய் போனதைக்கூட எங்கிட்ட சொல்ல உனக்கு மனசு வரலன்னு நெனச்சேன். அப்படி என்ன பாவம் பண்ணினோம்னு நெனச்சு நெனச்சுப் பாத்தேன். கேக்கத்தான் பயம். நீயும் அதுக்கப்புறம் பேசறதையே நிறுத்திட்ட."

இந்த மனிதரை விட்டுப் போகத்தான் பெட்டி கட்டினாள். அந்தப் பெட்டி உள்ளே கூடத்தில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினபடியே நின்றுகொண்டிருந்தது.

விளக்கைக் கீழே வைத்துவிட்டு, கிரீஸ் அப்பிய அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குப் போலக் குரலை மெலிய விடாமல், அவர் கண்ணைப் பார்த்து, உரக்கச் சொன்னாள்.

"ஏங்க, அம்மா போயிட்டாங்க."

அவர் இப்போதுதான் அதை முதன்முதலாகக் கேட்கிறவர்போல எழுந்தார். அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவள் அன்றைக்கு அழ வேண்டியதையெல்லாம் அழுதாள்.