கோரை வயலுக்கு எந்தக் கலப்பை

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சென்ற கிழமை, ஒட்டுசுட்டான் வீதியோரம் நின்று சொல்லப்பட்ட பொய். அதை அப்புத்துரை என்ற பாத்திரத்தின் தலையில் கட்டிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "எவருக்கும் தலைவணங்காத பரம்பரையில் உதித்த அப்புத்துரை..." (வேண்டாம். செத்தவரைப் புகழ்ந்து அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தக நடை.)

இரண்டாம் தொடக்கம்: "வீதியோர வயலில் கோரை இடுப்பளவு..." (கோரை முழங்காலைத் தாண்டாது. வெட்கப்படுபவனுக்கு எல்லாம் உயரமாகத் தெரியும்.)

2.

நடந்தது இது. இளைய மகள் யதுர்ஷிகாவைப் பெண் கேட்டு நெடுங்கேணியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வழியனுப்ப வீதிவரை போனோம். மாப்பிள்ளையின் தகப்பன் எதிரே இருந்த வயலைப் பார்த்தார்.

"இது ஆரின்ரை காணி? இப்பிடிக் கோரை மண்டிக் கிடக்கு?"

"ஆரோ வெளிநாட்டு ஆக்களின்ரை," என்றார் அப்புத்துரை.

(என்றேன். அப்புத்துரையை இத்துடன் விட்டுவிடுகிறேன்.)

பக்கத்தில் மூத்த மகள் சுதாஜினி நின்றாள். புருஷனை விட்டு வந்தவள். அந்த வயலை அவளுக்கென்று கொடுத்தவன் நான். இரண்டு போகமாக அவளை உழவிடாதவனும் நான். வாழாமல் வந்த பெண் வீதியோரம் சேற்றில் நின்றால் ஊர் என்ன பேசும்?*

* கோரையை வளர்த்தது யாரென்று இனி நீங்கள் கேட்கத் தேவையில்லை.

3.

இன்று பின்னேரம் அவர்கள் முடிவு சொல்ல வருகிறார்கள். அதற்குள் கோரையை மறைக்க நான் வரச்சொன்ன உழவு மிசின்காரர் றம்சீன், காலையில் மோட்டார்சைக்கிளை வாசல் படலையில் நிறுத்திக் கேட்டார்:

"ஐயா, சட்டிக் கலப்பையோ, றொட்டவேட்டரோ? மிசினிலை எதைக் கொழுவ?"

"றொட்டவேட்டர். அடிச்சால் மா மாதிரி வடிவாய்க் கிடக்கும்."

சுதாஜினி அடுப்பை விட்டுக் குசினியிலிருந்து வந்தாள். "வடிவு கொஞ்ச நாளைக்குத்தான் அப்பா. அது கோரைக் கிழங்கைத் துண்டு துண்டாய் வெட்டி வயல் முழுக்க நட்டுவிடும். சட்டியாலை ஆழமாய்ப் பிரட்டி வெயிலிலை காயவிடவேணும்."

"கட்டி கட்டியாய்க் கிடக்குமெல்லே. வாற ஆக்கள் பாத்தால்?"

"வெளிநாட்டு ஆக்களின்ரை காணிதானே. உங்களுக்கென்ன வெட்கம்?"

றம்சீன் அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். உள்ளே சிரித்திருப்பார்.

"பிரட்டிறதெண்டால் மண்ணைப் பிரட்டுங்கோ அப்பா. கதையைப் பிரட்டாதேங்கோ. இந்தப் போகமும் தவறினால் நான் உங்கடை சோத்தைத்தான் பாத்துக்கொண்டிருக்கவேணும்."

4.

நான் விரும்பிய முடிவு: சுதாஜினி தலைகுனிந்து உள்ளே போனாள்.

(எழுதினேன்; வெட்டினேன். அவள் போகவில்லை. "சட்டியைக் கொழுவுங்கோ, றம்சீன் நானா," என்றாள். என்னைக் கேட்கவில்லை.)

இப்போது வயல் புரண்டு கிடக்கிறது, வேர் மேலும் பச்சை கீழுமாக. அவள் நடுவில் குனிந்து கிழங்கு பொறுக்குகிறாள். நெடுங்கேணி ஆட்கள் வந்த வான் வயலோரம் நிற்கிறது. மாப்பிள்ளையின் தகப்பன் இறங்கி அவளிடம் ஏதோ கேட்கிறார். என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

அவள் "என்ரை" என்றால் நான் பொய்யன். தங்கையின் சம்பந்தமும் குழம்பலாம். "தெரியாது" என்றால் தன் காணியை அவளே இல்லையென்று சொன்னவள் ஆவாள்.

அவள் நிமிர்கிறாள். வீட்டைத் திரும்பிப் பார்க்கிறாள். நான் ஜன்னலோரம் இருப்பது அவளுக்குத் தெரியும்.

பேனையை வைத்துவிட்டு நான் எழும்பி

(எழும்பிப் போனேன் என்று வாசிக்க விரும்புபவர்கள் அப்படியே வாசியுங்கள். எழுதுகிற நான் இன்னும் கதிரையில்தான் இருக்கிறேன்.)