கேட்கும் உரிமை

பாட்டு தொடங்கிய நான்காவது நொடியில் வயலின்காரர் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். "இது நாங்க வாசிச்சது இல்ல," என்றார். எதிரே மடிக்கணினியை மூடப்போன மகள் நிமிர்ந்து பார்த்தாள். திரையில் பழைய படத்தின் பெயர், பழைய அட்டைப்படம், அந்தக் காலத்துப் பாடகியின் பெயர் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. உள்ளே பாடியது வேறு யாரோ. பதினாறு வயலின்கள் எழுந்து வர வேண்டிய இடத்தில் ஒரு கீபோர்டு இழுத்துக்கொண்டு கிடந்தது. அட்டையின் கீழ்மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஓர் எழுத்தில் 'மறுபதிவு' என்று போட்டிருந்ததை மகள்தான் கண்டுபிடித்தாள். விற்ற பாட்டைத் திரும்பப் பெற மாட்டோம் என்பது அதைவிடப் பொடியாக அதற்கும் கீழே இருந்தது. "நல்லா காதுல பூ சுத்தறான்," என்றார் அவர்.

அந்தப் பாட்டு அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவர் மனைவிக்கு வலது கையும் பேச்சும் போயிருந்தன. கை மெல்ல அசையத் தொடங்கிவிட்டது. பேச்சுதான் வருவேனா என்றது. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுவாள். காட்ட முடியாத ஒன்று வேண்டுமென்றால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் போன வாரம் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். "பேச்சு போனாலும் சில பேருக்குப் பாட்டு போகாது சார். அம்மாவுக்கு நல்லாப் பழகின பாட்டு ஒண்ணு கொண்டு வாங்க. இந்தக் கீழ்த்தளத்துல சிக்னல் வராது, ஏதாவது பிளேயர்ல ஏத்திட்டு வந்துடுங்க." அன்றைக்கே போய்க் கட்டைவிரல் அளவில் ஒரு பிளேயர் வாங்கி வந்தார்.

எந்தப் பாட்டு என்று அவர் யோசிக்கவே இல்லை. கல்யாணமான புதிதில் வானொலியில் அது வந்தால் வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது. இரண்டாவது இடையிசையில் வயலின்கள் மறுபடி ஒன்றாகக் கிளம்பும்போது விரலைத் தூக்கி, "இதோ, இது நீங்க," என்பாள். பதினாறு பேர் வாசிக்கிறதில் தன்னை மட்டும் எப்படிப் பிரித்தாள் என்று அவருக்கு இன்றுவரை புரியவில்லை. சும்மா சொல்கிறாள் என்றே வைத்துக்கொண்டாலும், இவ்வளவு வருஷம் அலுக்காமல் சும்மா சொன்னவள் அவள் ஒருத்திதான். வீட்டிலிருந்த கேசட்டின் நாடா எப்போதோ சிக்கி அறுந்துபோயிருந்தது.

"அப்பா, நான் ரெண்டு நிமிஷத்துல இறக்கித் தரேன். ஊரே அப்படித்தான் கேட்குது," என்றாள் மகள்.

"திருட்டுப் பாட்டு இந்த வீட்டுக்குள்ள வராது."

அது அவளுக்குத் தெரிந்த பதில். படம் வருவதற்கு முன்பே நடைபாதையில் திருட்டுக் கேசட் கூவி விற்ற காலத்தில் ஒலிப்பதிவு நாட்கள் மாதத்துக்கு இருபதிலிருந்து நான்காகக் குறைந்தன. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் வாசித்தவர் வங்கியில் காவலுக்குப் போனார். இசைக்கலைஞர்கள் சங்கம் ஊர்வலம் போனபோது, வில் பிடித்த கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு கொளுத்தும் வெயிலில் நடந்தவர் அவர். கல்லூரியில் படிக்கும்போது மகள் தோழியிடமிருந்து நகலெடுத்து வந்த ஒரு பாட்டு சி.டி.யை அவர் உடைத்தது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

அடுத்த இணையக் கடையில் அசல் பாட்டே இருந்தது. பெயர், விலாசம், பிறந்த தேதி, கார்டு எண், செல்லில் வந்த ரகசிய எண் என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட பிறகு, 'இந்தப் பாடல் உங்கள் பகுதியில் விற்பனைக்கு இல்லை' என்றது. இந்தப் பாட்டுக்குத் தான் வில் போட்ட கட்டடம் வீட்டிலிருந்து பொடிநடையாகப் போகிற தூரம் என்பதை அவர் யாரிடம் சொல்ல? மூன்றாவது கடையில் ஒருவழியாகக் கிடைத்தது. பாட்டின் பக்கத்தில் பச்சையாக ஒரு டிக் விழுந்து, 'இது இப்போது உங்களுடையது' என்று வந்தது. தயாரிப்பாளர், இசை உரிமை வைத்திருக்கும் கம்பெனி, அந்தக் கம்பெனியை வாங்கிய இன்னொரு கம்பெனி எல்லாவற்றின் பெயரும் கீழே இருந்தன. வாசித்தவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. அது போகட்டும் என்று விட்டார். ஆனால் மகள் கணினியைத் தலைகீழாகக் கவிழ்க்காத குறையாகத் தேடியும், பிளேயரில் ஏற்றுவதற்கு அந்தப் பாட்டு எங்குமே கோப்பாக இல்லை.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார். இருபது நிமிஷம் காத்திருக்க வைத்து ஒரு வயலின் இசையைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அதில் சுருதி இறங்கியிருந்தது. பிறகு ஒரு பெண் வந்தாள்.

"சார், நீங்க வாங்கினது பாட்டை இல்ல. அதை எங்க ஆப்ல கேட்கிற உரிமையை."

"ஏம்மா, அந்தப் பாட்டுல நான் வாசிச்சிருக்கேன்."

"ரொம்ப சந்தோஷம் சார். ஆப்லயே இறக்கி வெச்சுக்கலாம், நெட் இல்லாமலும் பாடும். வேற ஏதாவது உதவி வேணுமா?"

போனை வைத்தார். கடையில் காய் வாங்கினால் பையில் போட்டுத் தருகிறான். எந்த அடுப்பில் சமைக்கிறாய் என்று எவனும் பின்னாலேயே வந்து பார்ப்பதில்லை. மகள் அவருக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் குரல் உயரவில்லை.

"திருடறவனுக்கு ரெண்டு நிமிஷம். உங்களுக்கு நாலு நாளாச்சு. உங்க வீம்புக்கு அம்மா என்னப்பா பண்ணுவாங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. யாருக்காக இந்தப் பிடிவாதம்? அந்தக் கம்பெனிக்காரன் அவர் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. "நாளைக்கு ஒரு நாள் பார்க்கறேன்," என்றார். "முடியலேன்னா நீ சொன்னபடியே செஞ்சுடு."

மறுநாள் காலை பதினோரு மணிக்குப் பயிற்சி. கீழ்த்தளத்து அறையில் மனைவியின் சக்கர நாற்காலிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முந்தின ராத்திரி ஆப்பில் இறக்கி வைத்திருந்த பாட்டைச் செல்லில் அழுத்தினார். 'உங்கள் உரிமையைச் சரிபார்க்க இணையத்துடன் இணையவும்' என்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி அதையே சொன்னது. மனைவி அவர் முகத்தையும் செல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். அவருக்கு அதைச் சுவரில் எறிந்துவிடலாம் போலிருந்தது. பயிற்சிப் பெண்தான் எழுந்து நாற்காலியின் பிரேக்கை விடுவித்தாள். "மேல போயிடலாம் வாங்க சார். லிஃப்ட் பக்கத்து ஜன்னல்ல சிக்னல் வரும்."

தரைத்தளத்தில் ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். மருந்துச் சீட்டும் ஸ்கேன் உறையுமாக நடந்தவர்கள், ஜன்னலோரம் ஒரு செல்லைச் சுற்றிக் கூடியிருந்த மூன்று பேரையும் விட்டு விலகிப் போனார்கள். செல் யோசித்தது, அவரை அவர்தான் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டது. பாட்டு கிளம்பியது. அசல் பாட்டு, அசல் குரல். மனைவியின் கண் செல்லில் போய் நின்றது. பாடகி முதல் வரியை முடித்து இரண்டாவதை எடுத்தாள். மனைவியின் உதடு லேசாகப் பிரிந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

பாட்டு நின்றது. திரையின் நடுவில் 'சரிபார்க்கிறது' என்று ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

மனைவியின் நெற்றி சுருங்கியது. மூன்று மாதமாக அவள் முகத்தில் அவர் பார்க்காத ஒரு கோபம், வாதம் தொடாத இடது கன்னத்தில் மட்டும், மெல்ல ஏறி வந்தது.

"சனியன்," என்றாள் அவள்.

ஓர் எழுத்துகூடக் குழறவில்லை. லிஃப்டுக்கு நின்றவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். வயலின்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. பதறிப்போய்ச் செல்லைச் சரிசெய்ய அதன்மேல் கையைக் கொண்டுபோனார். பயிற்சிப் பெண் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்க சார்," என்று கிசுகிசுத்தாள். "அது பாட்டுக்குச் சுத்தட்டும்."

வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மனைவி இடது கையின் சுட்டுவிரலை அதை நோக்கி நீட்டியிருந்தாள். அடுத்த சொல்லுக்காக அவளுடைய இரண்டு உதடுகளும் அழுத்தமாக ஒட்டிக்கொண்டு, திறக்கத் தெரியாமல் துடித்துக்கொண்டிருந்தன.